‘செக்’ என்ற சொல்லுக்கு இத்தனை பொருள்கள் எப்படி வந்தன?

கேள்வி இதுதான்: வங்கியில் கொடுக்கும் செக், சதுரங்கத்தில் ராஜாவுக்கு வைக்கும் செக், ‘சரியாக இருக்கிறதா, செக் பண்ணிப் பார்’ என்னும்போது வரும் செக், லாரிகளை நிறுத்தும் செக்போஸ்ட், கட்டம் போட்ட துணியைச் சொல்லும் செக்டு சட்டை ஆகிய அனைத்திலும் இருப்பது ஒரே ஆங்கிலச் சொல்லா, அல்லது வெவ்வேறு சொற்கள் தற்செயலாக ஒன்றுபோல் ஒலிக்கின்றனவா?

ஒரே சொல்தான். காசோலை, தடை, சோதனை, கட்டம் என்று தமிழில் தனித்தனிச் சொற்களால் நாம் குறிக்கும் இந்தப் பொருள்கள் எல்லாம், பாரசீகத்தில் சதுரங்கம் ஆடியவர்கள் எதிராளியின் அரசனைத் தாக்கும்போது சொன்ன ‘ஷா’ என்ற ஒற்றைச் சொல்லிலிருந்து கிளைத்தவை. அரசன் என்று பொருள்படும் அச்சொல் ஐரோப்பாவுக்குப் போன பிறகு இரண்டு வழிகளில் பிரிந்து வளர்ந்தது. ஒரு வழி ஆட்டத்தில் நடக்கும் தாக்குதலிலிருந்து கிளம்பித் தடை, கட்டுப்பாடு, சரிபார்ப்பு என்று போனது. மற்றொன்று ஆட்டப் பலகையிலிருந்து கிளம்பிக் கட்டம், கணக்கு மேசை, அரசுக் கருவூலம் என்று போனது. பிரிந்த இரண்டும் பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு மீண்டும் சந்தித்த இடம் வங்கிக் காசோலையின் அடிக்கட்டை. இதை வரிசையாகப் பார்த்தால் எந்தப் பொருளும் திடீரென்று முளைக்கவில்லை என்பது தெரியும்.

முதலில் அரசன். மேற்கு ஈரானில் பெஹிஸ்தூன் மலைப்பாறையில், கி.மு. ஆறாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி, முதலாம் டேரியஸ் வெட்டுவித்த கல்வெட்டு ‘நான் டேரியஸ், பேரரசன், அரசர்க்கு அரசன்’ என்று தொடங்குகிறது. அங்கே அரசனைக் குறிக்கும் பழம்பாரசீகச் சொல் ‘க்ஷாயத்திய’ என்பதற்கு நெருக்கமாக ஒலிக்கும். ஆளுதல் என்ற பொருள் கொண்ட அதன் வேர்ச்சொல்லும், சமஸ்கிருதத்தில் ஆட்சியைக் குறிக்கும் ‘க்ஷத்ர’ என்ற சொல்லும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. க்ஷத்திரியர் என்ற சொல் அதிலிருந்து வந்ததுதான். அந்த நீண்ட பாரசீகச் சொல் நூற்றாண்டுகள் போகப்போகத் தேய்ந்து ‘ஷா’ என்றாயிற்று. ஷாஜகான், பாதுஷா என்ற பெயர்கள் வழியாகத் தமிழர்களுக்கும் அது பழகிய ஒலிதான்.

ஆட்டம் இந்தியாவிலிருந்து பாரசீகத்துக்குப் போனது என்பதைப் பாரசீக நூல்களே சொல்கின்றன. யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நான்கு உறுப்புகள் கொண்ட படை என்ற பொருளில் சமஸ்கிருதம் சதுரங்கம் என்று அழைத்ததை நடுக்காலப் பாரசீகம் ‘சத்ரங்’ என்றது. அந்தச் சொல்லில் இருந்த சில ஒலிகள் அரபு மொழியில் இல்லாததால் அரபியர் நாவில் அது ‘ஷத்ரஞ்’ ஆனது. ஆட்டத்தோடு சேர்ந்து ஆடுவோரின் பேச்சும் பயணம் செய்தது. எதிராளியின் அரசன் தாக்குதலுக்கு ஆளாகும்போது ‘ஷா’ என்று எச்சரித்தார்கள். அவன் தப்ப வழியில்லாத நிலை வந்ததும் ‘ஷா மாத்’ என்றார்கள். ‘மாத்’ என்பதற்கு ‘இறந்தான்’ என்று பொருள் சொல்லும் வழக்கம் பரவலாக இருக்கிறது, ஏனெனில் அரபியில் அப்படி ஒரு வினைச்சொல் உண்டு. ஆனால் பாரசீகத்தில் ‘மாத்’ என்பது செயலற்றுப்போன, திகைத்து நின்ற நிலையைக் குறிக்கும் சொல். சதுரங்கத்தில் மற்றக் காய்கள் எல்லாம் வெட்டுப்படும். அரசன் மட்டும் வெட்டுப்படுவதே இல்லை, நகர இடமின்றி நிற்கும்போது ஆட்டம் முடிந்துவிடுகிறது. ஆட்டத்தின் விதியோடு பொருந்துவது பாரசீக விளக்கம்தான் என்பதால் நான் அதையே ஏற்கிறேன்.

அரபியர் ஆட்சியிலிருந்த ஸ்பெயின் போன்ற இடங்கள் வழியாக ஆட்டம் ஐரோப்பாவுக்குள் நுழைந்தபோது பெயர் விஷயத்தில் ஒரு பிளவு நேர்ந்தது. அரபியரோடு நேரடியாகக் கலந்து வாழ்ந்த ஸ்பானியரும் போர்த்துகீசியரும் ஆட்டத்தின் பெயரையே எடுத்துக்கொண்டார்கள். ஸ்பானிய மொழியில் சதுரங்கத்துக்கு வழங்கும் ‘அஹெத்ரெஸ்’, அரபியின் ‘அல் ஷத்ரஞ்’ தேய்ந்த வடிவம். அதற்குள் நம் சதுரங்கம் இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கிறது. ஐரோப்பாவின் மற்றப் பகுதிகளிலோ, ஆட்டத்தின் பெயரைவிட ஆடும்போது அடிக்கடி காதில் விழுந்த ‘ஷா’ என்ற கூவலே பெயராகிவிட்டது. இடைக்கால லத்தீனில் அது ‘ஸ்காக்குஸ்’ என்றும், பன்மையில் ‘ஸ்காக்கி’ என்றும் எழுதப்பட்டது. பாரசீகச் சொல்லின் இறுதியில் இருந்த மூச்சொலியை ஐரோப்பியர் காது ‘க்’ என்று வாங்கிக்கொண்டதன் விளைவு இது. ஜெர்மானியர் சதுரங்கத்தை ‘ஷாக்’ என்கிறார்கள், இத்தாலியர் ‘ஸ்காக்கி’ என்கிறார்கள். ரஷ்யர்களோ ‘ஷா மாத்’ என்ற தொடர் முழுவதையும் எடுத்து ஆட்டத்துக்கே ‘ஷாக்மத்தி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

பழைய பிரெஞ்சில் இதன் ஒருமை வடிவம் ‘எஸ்செக்’. பன்மை விகுதி சேரும்போது நடுவிலிருந்த ‘க்’ ஒலி மறைந்து ‘எஸ்செஸ்’ ஆயிற்று. ஆங்கிலம் இந்த இரண்டையும் கடன் வாங்கியது. வாங்கியபோது முன்னாலிருந்த ‘எஸ்’ உதிர்ந்தது. ‘எஸ்டேட்’ என்ற சொல் முன்னெழுத்தை இழந்து ‘ஸ்டேட்’ ஆனதும் இதே முறையில்தான். இவ்வாறு ஒருமையிலிருந்து ‘செக்’ என்ற சொல்லும், பன்மையிலிருந்து ஆட்டத்தின் பெயராகிய ‘செஸ்’ என்ற சொல்லும் கிடைத்தன. ஆக, செஸ், செக் இரண்டும் ஒரே சொல்லின் பன்மையும் ஒருமையும். செஸ் என்றால் வேரின்படி ‘அரசர்கள்’. ஆங்கிலம் பேசுவோரிலேயே பெரும்பாலோர் அறியாத உறவு இது.

பதினான்காம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் ‘செக்’ முழுக்க முழுக்க ஆட்டச் சொல்லாகப் பழகியிருந்தது. 1368இல் லங்காஸ்டர் சீமாட்டி பிளான்ச் இறந்தபின் ஜெஃப்ரி சாசர் எழுதிய இரங்கற்கவிதையில், விதியோடு சதுரங்கம் ஆடித் தன் ராணிக் காயை இழந்துவிட்டதாக ஒரு வீரன் புலம்புகிறான். விதி பலகையின் நடுவில் ‘செக்’ என்றும் ‘மேட்’ என்றும் சொல்லித் தன்னை முடித்துவிட்டதாகச் சொல்கிறான். அங்கே ராணிக் காய்க்குச் சாசர் ஆளும் சொல் ‘ஃபெர்ஸ்’. அமைச்சரைக் குறிக்கும் பாரசீகச் சொல் அரபி வழியாக வந்து அப்படித் திரிந்தது. நம் ஊரில் இன்றும் அந்தக் காயை மந்திரி என்று சொல்லும் பெரியவர்கள், ஐரோப்பியர் மாற்றிவிட்ட பழைய பெயரையே காப்பாற்றிவருகிறார்கள்.

இனி முதல் வழி. அரசனுக்குச் செக் வைத்துவிட்டால் எதிராளி தான் திட்டமிட்டிருந்த நகர்வு எதையும் செய்ய முடியாது. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு முதலில் அரசனைக் காக்க வேண்டும். விதி அப்படிக் கட்டாயப்படுத்துகிறது. ஆகவே ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றைச் சட்டென்று நிறுத்துவது, முன்னேற விடாமல் தடுப்பது என்ற பொருள் சதுரங்கப் பலகைக்கு வெளியேயும் மிக எளிதாகப் பரவியது. வல்லூறு வளர்த்து வேட்டையாடிய இங்கிலாந்துப் பிரபுக்கள், துரத்திய இரையை விட்டுவிட்டு வேறு பறவையின் பின்னே அது திரும்பிப்போவதை ‘செக்’ என்றே சொன்னார்கள். ஒருவரைக் கண்டித்து அடக்குவதையும் படையெடுப்பைத் தடுத்து நிறுத்துவதையும் இச்சொல் குறித்தது. 1787இல் வரையப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பில் நாடாளுமன்றம், குடியரசுத் தலைவர், நீதிமன்றம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று கட்டுக்குள் வைத்திருக்கும் ஏற்பாட்டை ஆங்கிலத்தில் ‘செக்ஸ் அண்ட் பேலன்சஸ்’ என்று குறிப்பிடுவதும் இந்தப் பொருளில்தான். பிரெஞ்சு மொழியில் இன்னும் ஒரு படி மேலே போய், ‘எஷெக்’ என்ற ஒருமைச் சொல்லுக்குத் தோல்வி என்றே பொருள் நிலைத்துவிட்டது.

தடுப்பது என்பதிலிருந்து சரிபார்ப்பது என்ற பொருள் எப்படி வந்தது என்பதுதான் பலருக்கும் புரியாத இடம். கணக்கில் தவறோ திருட்டோ நேராமல் தடுக்க வேண்டுமானால், ஒரு கணக்கை இன்னொரு கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஏற்பாடு வேண்டும். முதலில் அந்த ஏற்பாடு ஒரு தடையாகக் கருதப்பட்டதால் ‘செக்’ எனப்பட்டது. பிறகு ஒப்பிட்டுப் பார்க்கும் செயலே அந்தப் பெயரைப் பெற்றது. இங்கிலாந்து அரண்மனையிலும் சாத்தம், போர்ட்ஸ்மத் போன்ற அரசுக் கப்பல் கட்டும் தளங்களிலும் ‘கிளார்க் ஆஃப் தி செக்’ என்ற பதவி இருந்தது. வேலைக்கு வந்தவர் யார், வராதவர் யார் என்று பெயர்ப்பட்டியலை வைத்துக்கொண்டு குறிப்பதும், வராதவருக்குக் கூலி போகாமல் பார்த்துக்கொள்வதும் அவர் வேலை. அந்த ஒரு பதவியில் தடுப்பதும் சரிபார்ப்பதும் பிரிக்க முடியாதபடி கலந்திருப்பதைக் காணலாம். பதினேழாம் நூற்றாண்டு முடிவதற்குள் ‘ஒப்பிட்டுச் சரிபார்’ என்ற பொருள் ஆங்கிலத்தில் தனியாகவே நிலைபெற்றுவிட்டது. செக்போஸ்ட் என்பதில் வாகனத்தை நிறுத்துவது, சரக்கைச் சோதிப்பது என்ற இரு பொருளும் சேர்ந்தே இருக்கின்றன.

இரண்டாவது வழிதான் இந்தச் சொல்லின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, ஆகையால் அதைச் சற்று நிதானமாகச் சொல்கிறேன். லத்தீனில் சதுரங்கப் பலகைக்கு ‘ஸ்காக்காரியம்’ என்று பெயர். பழைய பிரெஞ்சில் அது ‘எஸ்செக்கியெர்’. பன்னிரண்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில், முதலாம் ஹென்றி மன்னரின் காலத்திலிருந்து, அரசுக்கு வரவேண்டிய பணத்தைக் கணக்குப் பார்க்கும் அவைக்கு இதுவே பெயராகியிருந்தது. அதற்குக் காரணம் அந்த அவையிலிருந்த மேசை.

அந்த மேசை எப்படியிருந்தது என்பதை நெடுங்காலம் இங்கிலாந்து அரசின் பொருளாளராக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் ஆசிரியரும் மாணவரும் உரையாடும் வடிவில் லத்தீனில் எழுதிவைத்திருக்கிறார். இரண்டாம் ஹென்றி ஆட்சிக்கு வந்த இருபத்து மூன்றாம் ஆண்டில், அதாவது 1177 வாக்கில், தேம்ஸ் ஆற்றை ஒட்டிய கோபுரத்தின் சாளரத்தருகே தாம் உட்கார்ந்திருந்தபோது இந்த உரையாடல் தொடங்கியதாக அவர் சொல்கிறார். மாணவர் கேட்கும் முதல் கேள்விகளுள் ஒன்று, ‘எஸ்செக்கர் என்றால் என்ன?’ என்பது. ஆசிரியர் சொல்லும் விடையின்படி, அது ஏறத்தாழ பத்தடி நீளமும் ஐந்தடி அகலமும் கொண்ட ஒரு மேசை. மேலே வைப்பது கீழே விழாதபடி சுற்றிலும் நான்கு விரற்கடை உயரத்துக்கு விளிம்பு உண்டு. அதன்மீது ஒரு கறுப்புத் துணி விரிக்கப்பட்டிருக்கும். துணியில் ஓரடி அல்லது ஒரு சாண் இடைவெளி விட்டுக் கோடுகள் இருக்கும். கோடுகளுக்கு இடையில் வில்லைகளை வைத்துக் கணக்குப் போடுவார்கள். வலக்கோடியில் பென்னி, அதற்கடுத்து ஷில்லிங், பிறகு பவுண்டு, பிறகு இருபது பவுண்டுகள், நூறுகள், ஆயிரங்கள் என்று இடம் மாற மாற மதிப்பு உயரும். ரோமானிய எண்களை வைத்துக்கொண்டு காகிதத்தில் கூட்டல் கழித்தல் செய்வது பெரும்பாடாக இருந்த காலத்தில், எழுத்துப் பழக்கம் இல்லாதவரும் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ளும்படி தொகையைப் பரப்பிக் காட்டிய ஏற்பாடு இது.

ஆண்டுக்கு இருமுறை, ஈஸ்டரையும் செப்டம்பர் இறுதியில் வரும் மைக்கேல் திருநாளையும் ஒட்டி, அரசருக்காக வரி வசூலித்த மாவட்ட அதிகாரிகளான ஷெரிஃபுகள் அந்தப் பணத்தோடு அங்கே வரவேண்டும். ஒவ்வொருவரும் செலுத்த வேண்டிய தொகை ஒரு வரிசையில் வில்லைகளாக வைக்கப்படும். செலுத்தியது அதற்குக் கீழே மற்றொரு வரிசையில் வைக்கப்படும். மேலிருந்து கீழ்வரிசையைக் கழித்தால் பாக்கி எவ்வளவு என்பது எல்லோர் கண்ணெதிரிலும் நிற்கும். மேசைக்குச் சதுரங்கப் பலகையின் பெயர் ஏன் வந்தது என்பதற்கு ஃபிட்ஸ்நீல் தரும் விளக்கத்தில் வடிவ ஒற்றுமையோடு வேறொன்றும் இருக்கிறது: சதுரங்கத்தில் இரு அரசர்கள் மோதுவதுபோல இந்த மேசையில் பொருளாளரும் ஷெரிஃபும் மோதுகிறார்கள், மற்றவர்கள் உட்கார்ந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார்கள் என்கிறார். எண்ணூறு ஆண்டுகளுக்கும் முந்திய ஒரு அதிகாரி தம் அலுவலகப் பெயருக்கு இவ்வளவு தெளிவாகக் காரணம் எழுதிவைத்திருப்பது சொல்லாராய்ச்சியில் அரிதாகக் கிடைக்கும் பேறு.

பின்னாளில் ஆங்கில எழுத்தர்கள், சொல்லின் முன்னாலிருந்த ‘எஸ்’ என்பதை லத்தீனின் ‘எக்ஸ்’ என்ற முன்னொட்டின் திரிபு என்று தவறாக எண்ணி எழுத்தைத் திருத்திவிட்டார்கள். அப்படித்தான் அது ‘எக்ஸ்செக்கர்’ ஆயிற்று. பிரிட்டனின் நிதியமைச்சர் இன்றைக்கும் ‘சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்’ என்ற பதவிப் பெயரையே தாங்குகிறார். ஷாவின் பெயர் இப்படி ஒரு சுற்று வந்து இன்னொரு அரசின் கஜானாவுக்குப் பெயராகியிருக்கிறது.

இதே பலகைப் பெயரின் முன்பகுதி உதிர்ந்து ‘செக்கர்’ என்றும், பிறகு இன்னும் சுருங்கி ‘செக்’ என்றும் ஆகிக் கட்டங்கட்டமான வடிவத்தைக் குறித்தது. துணி வணிகம் அந்தப் பொருளை ஊரெங்கும் கொண்டுபோயிற்று. ஆங்கிலேயர் 1639இல் சென்னையில் கால் ஊன்றியபின் இந்தக் கரையிலிருந்து கப்பலேறிய துணிகளில், சாயமிட்ட நூலைப் பாவிலும் ஊடையிலும் மாற்றி மாற்றி ஓட்டிக் கட்டம் எழுப்பிய கைத்தறித் துணி பெயர் பெற்றது. உலகச் சந்தையில் இன்றும் ‘மெட்ராஸ்’ என்றாலே அந்த வகைத் துணி என்று பொருள். அமெரிக்கர்கள் ‘செக்கர்ஸ்’ என்று அழைக்கும் காய் ஆட்டத்துக்கும் பெயர் தந்தது கட்டம் போட்ட பலகையே.

இப்போது இரண்டு வழிகளும் சேரும் இடத்துக்கு வரலாம். எக்ஸ்செக்கர் மேசையில் பணம் கட்டியவருக்கு ரசீதாகக் கொடுத்தது காகிதம் அல்ல. வெட்டு வைத்த மரக்குச்சி. ஃபிட்ஸ்நீல் அதையும் அளவோடு சொல்கிறார். குச்சியின் நீளம், விரித்த கட்டைவிரல் நுனியிலிருந்து சுட்டுவிரல் நுனி வரை. ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெட்டு, நூறு பவுண்டுக்குக் கட்டைவிரல் அகலம், இருபதுக்குச் சுண்டுவிரல் அகலம், ஒரு பவுண்டுக்கு முற்றிய வாற்கோதுமை மணியின் பருமன், ஷில்லிங்குக்கு அதைவிடச் சிறியது, பென்னிக்கு மரத்தை எடுக்காமல் வெறும் ஒரு கீறல். வெட்டுகள் வைத்தபின் குச்சியை நெடுக்காகப் பிளந்து ஆளுக்கொரு பாதி வைத்துக்கொள்வார்கள். பின்னால் தகராறு வந்தால் இரண்டு பாதிகளையும் ஒட்டிப் பார்த்தால் போதும். ஒருவர் மட்டும் கள்ளத்தனமாகக் கூடுதல் வெட்டு வைத்திருந்தால் அது மறுபாதியோடு பொருந்தாது. இந்த இரு பாதிகளில் ஒன்றுக்கு ‘ஃபாயில்’ என்று பெயர். ரசீதுப் புத்தகத்தில் நம்மிடம் தங்கும் அடிக்கட்டையை ‘கவுண்டர்ஃபாயில்’ என்கிறோமே, அதில் இருப்பது இந்த மரத்துண்டின் பெயர்தான். கணக்குக் குச்சிமுறை 1826 வரை நீடித்தது. முறை ஒழிந்தபின் குவிந்து கிடந்த பழைய குச்சிகளை 1834 அக்டோபர் 16 அன்று பிரபுக்கள் சபையின் அடியிலிருந்த அடுப்புகளில் போட்டு எரித்தபோது தீ பரவி பிரிட்டிஷ் நாடாளுமன்றக் கட்டடமே எரிந்துபோனது.

மரம் காகிதமாக மாறியபோதும் பாதியாகப் பிரிக்கும் உத்தி மாறவில்லை. 1696 முதல் இங்கிலாந்து அரசு எக்ஸ்செக்கர் பில் எனப்படும் கடன்பத்திரங்களை வெளியிட்டது. பத்திரத்தை அதன் அடிக்கட்டையிலிருந்து வளைவு நெளிவாக வெட்டிக் கொடுப்பார்கள். பணம் கேட்டு வரும்போது வெட்டு விளிம்புகள் பொருந்துகின்றனவா என்று பார்ப்பார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தப் பத்திரங்களைப் பற்றிய சட்ட வாசகம் அடிக்கட்டையைச் ‘செக்’ என்றும் ‘கவுண்டர்ஃபாயில்’ என்றும் அடுத்தடுத்துக் குறிப்பிடுகிறது. மோசடியைத் தடுத்துச் சரிபார்க்க உதவுவதால் அது ‘செக்’. அது இணைந்திருப்பதோ எக்ஸ்செக்கர் வெளியிட்ட பத்திரத்தோடு. ஆட்டத்திலிருந்து வந்த பொருளும் பலகையிலிருந்து வந்த பொருளும் ஒரே காகிதத் துண்டில் சேர்ந்துவிட்டன.

காசோலை என்னும் தாள் அதற்கு முன்பே புழக்கத்தில் இருந்தது. 1659ஆம் ஆண்டில் லண்டன் வங்கியாளர் ஒருவர்மீது 400 பவுண்டுக்குக் கையால் எழுதிய ஓலை இன்றும் இருக்கிறது. அந்தக் காலத்தில் யாரும் அதைச் செக் என்று சொல்லவில்லை. பிறகு வங்கிகள் அடிக்கட்டையோடு கூடிய அச்சுத் தாள்களைக் கொடுக்கத் தொடங்கியபின், அடிக்கட்டையின் பெயர் மெல்ல அதிலிருந்து கிழித்துக் கொடுக்கும் தாளுக்கே போய்விட்டது. பொருள் முன்னே வந்தது, பெயர் பின்னே வந்து ஒட்டிக்கொண்டது. எழுத்துக்கூட்டலிலும் குழப்பம் இருந்தது. 1828இல் ஜேம்ஸ் வில்லியம் கில்பர்ட் என்ற வங்கியாளர், பெரும்பாலோர் சாதாரணச் செக்கைப் போலவே (check) எழுதினாலும், தாம் எக்ஸ்செக்கரை (exchequer) ஒத்த எழுத்துமுறையைக் (cheque) கைக்கொள்வதாகவும், அதனால் பொருள் மயக்கம் நீங்கும் என்றும் எழுதினார். பிரிட்டனும் இந்தியாவும் அந்த வழியில் போயின. இந்தியாவின் 1881ஆம் ஆண்டுச் செலாவணி முறிச் சட்டத்திலும் அந்த எழுத்துமுறைதான் உள்ளது. அமெரிக்கர்கள் பழைய எழுத்தையே வைத்துக்கொண்டார்கள். ஆகவே அமெரிக்க எழுத்தைப் பிழை என்று நினைக்க வேண்டியதில்லை, இரண்டில் அதுவே மூத்தது.

இந்த இடத்தில் இணையத்தில் அடிக்கடி காணப்படும் ஒரு கூற்றுக்குப் பதில் சொல்ல வேண்டும். காசோலையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அரபியின் ‘ஸக்’ என்பதிலிருந்து நேரே வந்தது என்கிறார்கள். இடைக்கால இஸ்லாமிய உலகில் ‘ஸக்’ என்ற எழுத்துவழிக் கடனுறுதி பெருவழக்காக இருந்தது உண்மை. பத்தாம் நூற்றாண்டுப் பயணி இப்னு ஹவ்கல், சகாராவின் தென் விளிம்பிலிருந்த அவ்தகஸ்து என்ற ஊரில் 42,000 தினாருக்கான ஸக் ஒன்றைத் தாம் கண்டதாக எழுதியிருக்கிறார். இன்றைய இஸ்லாமிய நிதிச் சந்தையில் ‘சுகூக்’ என்று வழங்குவது அதன் பன்மையே. அந்த வணிகர்களின் மேதைமை மதிக்கத்தக்கது. ஆனால் ஒரு சொல்லின் வரலாற்றை ஒலி ஒற்றுமையை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது. ஆங்கிலச் சொல் முதலில் அடிக்கட்டையைத்தான் குறித்தது, அதன் பிறகே காசோலையைக் குறித்தது என்பதற்கு எழுத்துச் சான்று இருக்கிறது. அரபியிலிருந்து காசோலைக்கென்று நேரே கடன் வாங்கியிருந்தால் அடிக்கட்டை நடுவில் வரக் காரணமே இல்லை. தவிர, 1659இல் ஓலை எழுதிய லண்டன்காரர்கள் அந்தப் பெயரையே பயன்படுத்தியிருப்பார்கள்.

அமெரிக்க ஆங்கிலம் இச்சொல்லை மேலும் நீட்டியது. உணவகத்தில் கொடுக்கும் பில்லுக்கு அங்கே செக் என்று பெயர். பட்டியலில் சரி என்று போடும் குறிக்கும் அதே பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க ரயில்களில் பயணியின் பெட்டியில் ஒரு பித்தளை வில்லையைக் கட்டி, அதே எண்ணுள்ள ஜோடி வில்லையைப் பயணியிடம் கொடுப்பார்கள். அந்த வில்லைக்கும் செக் என்று பெயர். பிளந்த மரக்குச்சியின் தத்துவம் உலோகத்தில் மறுபடி பிறந்தது என்றே இதைச் சொல்வேன். 1880களில் பேஸ்பால் ஆட்டம் மழையால் நின்றுபோனால் வேறொரு நாள் வந்து பார்க்கக் கொடுத்த சீட்டு ‘ரெயின் செக்’ எனப்பட்டது. அழைப்பை ஏற்க முடியாதபோது ‘இன்னொரு நாள் பார்க்கலாம்’ என்பதற்கு அமெரிக்கர்கள் அந்தத் தொடரைத்தான் சொல்கிறார்கள்.

தமிழில் நாம் இவற்றில் பலவற்றை ஆங்கிலத்திலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டோம். ‘கூட்டணிக் கட்சிக்குச் செக் வைத்தார்’ என்று செய்தித்தாள்கள் எழுதும்போது அந்தச் சொல் தன் பழைய பாரசீகப் பொருளுக்கு மிக நெருங்கி நிற்கிறது. இந்தி, உருது பேசுவோருக்கு அந்த ஆங்கிலச் சுற்றுவழி தேவைப்படவில்லை. சதுரங்கத்தில் அவர்கள் சொல்லும் ‘ஷஹ்’, ‘மாத்’ இரண்டும் பாரசீகத்திலிருந்து நேரே வந்தவை.

உறவில்லாதவற்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் தமிழ் எழுத்தில் இவை ஒன்றாகத் தெரியும். செக் குடியரசின் பெயர் அங்கே வாழும் ஸ்லாவிய மக்கள் தங்களை அழைத்துக்கொள்ளும் பெயரிலிருந்து வந்தது. சதுரங்கத்தோடு அதற்குத் தொடர்பில்லை. எள்ளையும் கடலையையும் ஆட்டும் நம் மரச்செக்குக்கும் அப்படியே. ‘செக்மேட்’ என்பதிலுள்ள மேட்டும், கிளாஸ்மேட் என்பதிலுள்ள மேட்டும்கூட வெவ்வேறு சொற்கள். முன்னது பாரசீகத்தின் ‘மாத்’. பின்னது ஜெர்மானிய மொழிக் குடும்பத்திலிருந்து வந்தது, ஒரே பந்தியில் உட்கார்ந்து உண்பவர் என்பது அதன் பொருள்.